பாறை பிடித்துவைத்த மழை

சங்கராந்தி நெருங்கினால் பாலாநகரில் லேத்துகளின் சத்தம் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் இரும்புச் சுருளும் எண்ணெய் வாடையுமாகக் கிடக்கும் சந்துகளில் ஷட்டர்கள் இறங்கும். கோதாவரிக் கரைக்காரர்களும் நல்கொண்டாக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். 2021இல் திறந்த மேம்பாலத்தில் வண்டிகள் குறைந்து, மொட்டைமாடிகளில் பட்டம் விடும் பிள்ளைகளின் கூச்சல்தான் தெருவெல்லாம் கேட்கும். அந்த விடுமுறையில் நானும் என் நண்பரும் மலைக்கோட்டைகளைப் பார்க்கப் புறப்பட்டோம்.

நண்பர் டூல் அண்ட் டை மேக்கர். 1968இல் பாலாநகரில் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனத்தில் படித்துவிட்டு இங்கேயே சிறு பட்டறை வைத்திருக்கிறார். பிறந்தது தேவரகொண்டா பக்கத்துக் கிராமம். “கோட்டைன்னா எல்லாரும் கோல்கொண்டாவுக்குப் போறாங்கண்ணா. எங்க ஊர்ப் பக்கம் இருக்கிறதை எங்க ஊர்க்காரனே ஏறிப் பார்க்கிறதில்லை. நீங்க வாங்க, நான் காட்டறேன்” என்று பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போங்கீர், அங்கிருந்து ராச்சகொண்டா, கடைசியில் அவர் ஊரான தேவரகொண்டா. இதுதான் திட்டம். பஸ் போகிற இடம்வரை பஸ், ஷேர் ஆட்டோ போகிற இடம்வரை ஆட்டோ, மிச்சமெல்லாம் நடை.

எங்கள் பட்டறைச் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. 1974இல் தனி அமைப்பாகத் தொடங்கி, 2008இல் இஸ்ரோவின் மையமாக ஆனது. அவர்கள் 2009இல் வெளியிட்ட ‘புவன்’ வரைபடத்தைத்தான் நண்பர் புறப்படுவதற்கு முந்தின இரவு கைப்பேசியில் விரித்துவைத்தார். ராச்சகொண்டா மலைத்தொடர் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. மதில் எது, பாறை எது என்று மேலிருந்து பிரிக்க முடியவில்லை. ஆனால் மடிப்புகளுக்கு நடுவே அங்கங்கே கருப்பாகச் சில பொட்டுகள் இருந்தன. “அதெல்லாம் தண்ணி. முதல்ல அதைப் பார்த்துட்டுத்தான் கோட்டை கட்டியிருக்காங்க” என்றார். அந்தப் பொட்டுகளைத் தேடிப் போவது என்று அப்போதே முடிவாயிற்று. இந்தக் கட்டுரையில் அரசர்களும் போர்களும் வருவார்கள். ஆனாலும் நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றித்தான்.

போங்கீர் ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உப்பலில் வரங்கல் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ஊரை நெருங்கும்போதே அந்த ஒற்றைப் பாறை தெரியத் தொடங்கிவிடும். 500 அடிக்கு மேல் உயரம். மரம் மட்டை இல்லாத மொட்டைப் பாறை, முட்டையைப் படுக்கவைத்த வடிவம். மேலைச் சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) இதில் கோட்டை கட்டினார் என்றும், அவருடைய திரிபுவனமல்லன் என்ற பட்டத்தால் திரிபுவனகிரி என்று பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். பிறகு காகதீயர், குதுப் ஷாஹிகள் என்று கைமாறியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கள் இறக்கும் குலத்தில் பிறந்து முகலாய அதிகாரிகளை எதிர்த்துப் படை திரட்டிய சர்வாய் பாப்பன்னா, 1708இல் வரங்கலைச் சூறையாடிய கையோடு போங்கீர் மீதும் பாய்ந்தார். 1710இல் அவர் கொல்லப்பட்டார். ஆனால் அவர் கதையைத் தெலங்கானாவின் நாட்டுப்புறப் பாடகர்கள் இன்னும் பாடுகிறார்கள்.

நாங்கள் ஏறும்போது பாறையின் செங்குத்தான பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் சிலர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும் பள்ளி இருக்கிறது. நிசாமாபாத் மாவட்டத்துப் பாகலா கிராமத்துப் பழங்குடிப் பெண் மாலாவத் பூர்ணா இந்தப் பாறையில்தான் முதல் பாடம் படித்தார். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். விடுதிப் பள்ளியில் படித்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, இந்தக் கருங்கல்லில் கையூன்றித் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மேலே இருக்கும் இடிந்த மாளிகையைவிட இந்தச் செய்திதான் போங்கீரின் பெருமை என்பேன்.

பாதிப் பாறைவரை படி இருக்கிறது. அதற்கு மேல் பாறையிலேயே கொத்திய காலடிக் குழிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பியும்தான். உச்சியை நெருங்கும் இடத்தில், இரண்டு பாறைச் சரிவுகள் சேரும் பள்ளத்தில் முதல் சுனையைப் பார்த்தோம். மார்கழிக் கடைசி, மழை நின்று மூன்று மாதம் ஆகிறது. இருந்தும் தண்ணீர் நின்றது. பாசி படர்ந்த பச்சை நிறம், ஓரத்தில் தட்டான்கள். சுற்றிலும் ஒரு பிடி மண்கூட இல்லை. ஊற்று எதுவும் அங்கே கிடையாது. வானத்திலிருந்து விழுந்த மழை ஒன்றுதான் அதற்கு வரவு.

நண்பர் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் ஒரு ஏக்கர் பாறையில் 28 லட்சம் லிட்டருக்குமேல் விழுகிறது. மண்ணாக இருந்தால் பாதியைக் குடித்துவிடும். மொட்டைப் பாறை அப்படியே வழித்துக் கீழே அனுப்பும். அனுப்புகிற வழியில் ஒரு தடுப்பு எழுப்பினால் போதும். முற்றுகை மாதக்கணக்கில் நீண்டாலும் மேலே இருப்பவன் தாகத்தில் சாகமாட்டான். கீழிருந்து பார்க்கிற எதிரிக்கு இந்தப் பாறையில் புல் முளைக்காதது குறையாகத் தெரிந்திருக்கும். மேலே இருந்தவனுக்கு அதுவே வரம்.

சாயங்காலம் சௌட்டுப்பல் போய், விஜயவாடா நெடுஞ்சாலையைக் கடந்து, சம்ஸ்தான் நாராயண்பூர் பக்கம் ஷேர் ஆட்டோவில் போனோம். இரவு நண்பருக்குத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை. மறுநாள் போகி. இருட்டோடு எழுந்து தெருமுனையில் எரிந்த போகி நெருப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துவிட்டு, சோள ரொட்டியும் பச்சைமிளகாய்த் துவையலும் கட்டிக்கொண்டு ராச்சகொண்டா மலைகளுக்குள் இறங்கினோம்.

இறங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். ராச்சகொண்டா ஒரு மலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து நிற்கும் மலைகள், நடுவே பள்ளத்தாக்குகள். நகரமே அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் இருந்திருக்கிறது. ஆவாரம் புதர்களும் சீத்தா மரங்களும் மண்டிய ஒற்றையடிப் பாதை. எருமை ஓட்டிவந்த லம்பாடிப் பெண் ஒருவர், “கோட்டைக்கா? அப்படியே கல்லைப் பார்த்துட்டே போங்க, வாசல் வந்துரும்” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கீழே சிதறிக் கிடந்த உருண்டைப் பாறைகள் மெல்ல மெல்லச் சதுரக் கற்களாக மாறின. சதுரக் கற்கள் வரிசையாயின. வரிசை மதிலாக எழுந்தது. இயற்கை எங்கே முடிந்து மனித வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத இடம் அது. பெரிய பாறை குறுக்கே வந்தால் அதையே மதிலாக வைத்துக்கொண்டு, இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்திருக்கிறார்கள்.

சாந்து கிடையாது. சுண்ணாம்பு கிடையாது. யானை அளவுக் கற்களைக் கூட ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைத்தே எழுப்பிய மதில். வாசல்களின் நிலைக்கால் ஒரே கல், மேலே கிடக்கும் உத்திரமும் ஒரே கல். நண்பர் வழக்கம்போல் சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். இரண்டு கற்கள் சேரும் இடுக்கில் அதைச் செருகிப் பார்த்தார். சில இடங்களில் உள்ளே போகவில்லை. “எங்க பட்டறையில இந்த ஃபிட்டிங் வேணும்னா கிரைண்டிங் மெஷின் வேணும்ணா” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

அவர்தான் இன்னொன்றையும் காட்டினார். வாசலுக்குச் சற்றுத் தள்ளி, பாதி பிளந்த பாறை ஒன்று. பிளந்த விளிம்பில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் போகிற அகலம், குழிக்குக் குழி ஏறத்தாழ ஒரே இடைவெளி. உளியால் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, அடித்துப் பிளந்த தடம். பக்கத்துப் பாறையில் அதே வரிசை பாதியில் நின்றிருந்தது. குழிகள் வெட்டியாகிவிட்டன, ஆப்பு இறங்கவில்லை. ஏன் நிறுத்தினார்கள்? கல்லில் ஓட்டம் சரியில்லையா, கூலி கொடுப்பவர் ஓடிவிட்டாரா, படை வந்துவிட்டதா? எந்தக் கல்வெட்டும் அந்தத் தச்சனைப் பற்றிச் சொல்லவில்லை. அரசன் பெயரைவிட அந்தப் பாதி வரிசை என்னை அதிகம் உலுக்கியது.

அரசர்களையும் சொல்லிவிடுகிறேன். 1323இல் டெல்லிப் படை வரங்கலைப் பிடித்துக் காகதீய அரசு வீழ்ந்தபின் தெலுங்கு நாடு தளபதிகளின் கைக்குப் போனது. அவர்களில் ரேச்சர்ல பத்மநாயகர் குலத்தவர் ஆமனகல்லில் இருந்தார்கள். அந்தக் குலத்து அனபோத நாயகர் 1360களில் தலைநகரை ராச்சகொண்டாவுக்கு மாற்றினார். வரங்கலை மீட்டு ஆண்ட கப்பய நாயகரை அவரே வென்றார். தம்பி மாத நாயகர் தேவரகொண்டாவில் இருந்து தெற்குப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். வடக்கே பாமினி சுல்தான்கள், தெற்கே விஜயநகரம். இரண்டுக்கும் நடுவே இந்த இரட்டைக் கோட்டைகள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. 15ஆம் நூற்றாண்டில் பாமினிகளிடம் விழுந்தன.

இந்தக் காட்டுக்குள் போரை மட்டும் வளர்க்கவில்லை அவர்கள். அனபோதரின் வழிவந்த சிங்கபூபாலன் நாடக இலக்கணத்தைப் பற்றி ‘ரசார்ணவ சுதாகரம்’ என்ற வடமொழி நூலை எழுதியவர். சுவைகள் எப்படிப் பிறக்கின்றன, நடிப்பவன் எப்படி அவற்றைக் காட்ட வேண்டும் என்று ஆராயும் நூல் அது. இன்றும் நாட்டியம் பயில்பவர்கள் படிக்கிறார்கள். புதரும் பாம்புப் புற்றுமாகக் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பாவமும் ரசமும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நம்ப, இடிந்த மண்டபத் தூண் ஒன்றில் சாய்ந்து சற்றுக் கண்ணை மூட வேண்டியிருந்தது.

போத்தனாவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. தெலுங்குப் பாகவதம் பாடிய பம்மெர போத்தனா அதைத் தனக்குக் காணிக்கையாக்க மறுத்ததால், சிங்கபூபாலன் ஏட்டை மண்ணில் புதைக்கச் சொன்னார் என்பார்கள். சான்று இல்லாத கதைதான். நண்பர் இதைச் சொல்லிக்கொண்டே நடந்தவர், ஒரு கோயிலின் கருவறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே தெய்வம் இல்லை. தரைக்கல் பெயர்க்கப்பட்டு, ஆள் உயரத்துக்குக் குழி. குழியைச் சுற்றி உடைந்த சிற்பத் துண்டுகள். புதையல் தேடுகிறவர்களின் வேலை. தெலங்கானாவின் கோட்டைகளில் இது தீராத நோய். யாரோ ஒரு மந்திரவாதி நாள் குறித்துக் கொடுப்பான், இரவில் கடப்பாரையோடு வருவார்கள், பொன் கிடைக்காது, அறுநூறு ஆண்டு நின்ற கருவறை விடிவதற்குள் போய்விடும். வெயிலும் மழையும் படையெடுப்பும் செய்யாத சேதத்தை ஒரு மூடநம்பிக்கை செய்கிறது. இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை.

அங்கிருந்து இன்னும் மேலே ஏறினோம். பாதை இல்லை, கைகளையும் ஊன்றிக்கொண்டு, பாறை இடுக்குகள் வழியே, வெங்காயச் சருகுபோலத் தகடு தகடாக உரியும் கருங்கல்லின்மேல். தக்காணத்தின் இந்தக் கருங்கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஹைதராபாத்திலேயே இவற்றை உடைத்து வீடு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 1996இல் பாறைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய கவலை எனக்கு இங்கேதான் முழுதாகப் புரிந்தது. இந்தக் கோட்டையில் பாறையை எடுத்துவிட்டால் மதிலும் இல்லை, சுனையும் இல்லை.

உச்சிச் சுனை பிற்பகலில் கிடைத்தது. புவனில் பார்த்த பொட்டுகளில் ஒன்று. மூன்று பக்கம் பாறை, நாலாவது பக்கம் அடுக்கிய கற்களால் ஒரு கரை. பாறைச் சரிவில் விரற்கடை அகலத்தில் ஒரு வாய்க்கால் கொத்தியிருந்தார்கள். அது தண்ணீரைச் சுனைக்குள் விடுவதற்கு முன் ஒரு சிறு பள்ளத்தில் இறக்கிவிட்டுப் பிறகே உள்ளே அனுப்புகிறது. மண்ணும் சருகும் அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும். நண்பர் புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை மேலே ஊற்றினார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அது தடம் மாறாமல் ஓடி, சிறு பள்ளத்தை நிரப்பி, தயங்கி, விளிம்பைத் தாண்டிச் சுனைக்குள் விழுந்தது. யாரோ இந்தச் சரிவை மழையில் நனைந்துகொண்டே பார்த்திருக்க வேண்டும். பாறையில் தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்திருக்க வேண்டும். மழை நாளில் மலை ஏறி நின்று கவனித்த அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டோம்.

இருட்டுவதற்குள் அடிவாரத்தில் இருந்த லம்பாடிக் குடியிருப்பான தாண்டா ஒன்றில் அனுமதி கேட்டுப் படுத்தோம். கோட்டைக்குள் தங்கவில்லை. கரடியும் பாம்பும் உள்ள காடு. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ராச்சகொண்டாவின் பெயரை 2016இல் ஒரு காவல் ஆணையரகத்துக்கு வைத்தார்கள். 2014 இறுதியில் திரைப்பட நகரம் அமைக்க இடம் பார்த்து முதலமைச்சரே ஹெலிகாப்டரில் இந்த மலைகளைச் சுற்றினார். பெயரும் நிலமும் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. பெயர்க்கப்பட்ட கருவறைக்கு ஒரு காவலாளி இன்னும் வரவில்லை. நாங்கள் நடந்த பாதை முழுவதும் ஒரு சீருடைக்காரரையும் பார்க்கவில்லை.

தேவரகொண்டாவுக்குப் போகும் வழி மர்ரிகூடா மண்டலத்தைத் தொட்டுப் போகிறது. பருத்திக் காடுகள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தன. இந்தப் பக்கத்தில் நண்பரின் அத்தை வீடு இருக்கிறது. சங்கராந்திக்குச் சுட்ட சகினாலு ஒரு தாம்பாளம் நிறைய வைத்தார். அரிசிமாவில் எள்ளும் ஓமமும் சேர்த்து வளையம் வளையமாகச் சுற்றிய பலகாரம். நாங்கள் நறநறவென்று கடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒன்றை எடுத்துத் தேநீரில் ஊறவைத்தார். சிரித்தபோது பற்களில் காவிக் கோடுகள். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார், முதுகு நிமிரவில்லை. “நாங்க குடிச்ச தண்ணிப்பா” என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

நல்கொண்டா மாவட்டத்தின் ஃபுளோரைடு கொடுமை 1940களிலேயே மருத்துவர்களால் பதிவுசெய்யப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. இங்குள்ள பல கிணறுகளில் அதைவிடப் பல மடங்கு. முதலில் பல்லைக் கெடுக்கும், பிறகு எலும்பில் படிந்து மூட்டை இறுக்கும், முதுகை வளைக்கும், குழந்தைகளின் காலைக் கோணலாக்கும். காரணம் தொழிற்சாலை இல்லை. நாங்கள் ஏறி மகிழ்ந்த இதே கருங்கல்தான். அதில் இருக்கும் கனிமங்கள் ஃபுளோரைடைக் கொண்டவை. நிலத்தடியில் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும் நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு அந்தப் பழைய நீரை மேலே இழுத்தால் நஞ்சும் சேர்ந்து வரும். பாறையின் மேல் விழுந்து ஓடுகிற மழைக்கு அதைக் கரைக்க நேரமே இருப்பதில்லை.

அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை யோசித்தபோதுதான் இரண்டு நாளாகப் பார்த்த சுனைகள் வேறு விதமாகத் தெரிந்தன. ஒரே கல். மேலே பெய்ததைப் பிடித்துக் குடித்தவர்களுக்கு அது காவல். அடியில் கிடந்ததை உறிஞ்சிக் குடித்தவர்களுக்கு அது நோய். அந்தக் காலத்துக்காரர்களுக்கு ஃபுளோரைடு தெரிந்திருக்காது. ஆனால் வானத்துத் தண்ணீரை விடாமல் பிடிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஊருக்கு ஊர் ஏரி வெட்டிய காகதீயர் வழி அது. 1213இல் ராமப்பா கோயிலை எழுப்பிய தளபதி ரேச்சர்ல ருத்ரன் கோயிலோடு ஏரியையும் சேர்த்தே விட்டுச்சென்றார். ஏரிகள் தூர்ந்து, போர்வெல் லாரிகள் வந்தபிறகுதான் இந்த மாவட்டம் ஆழத்துத் தண்ணீருக்கு இப்படி அடிமைப்பட்டது.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1996 மக்களவைத் தேர்தலில் தண்ணீர் கேட்டு நல்கொண்டா தொகுதியில் கூட்டமாக மனு போட்டார்கள், 480 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் நம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் திரண்டு மனு போட்டு, மொத்தம் 1,033 பேர் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டுக்கும் பிறகு வைப்புத்தொகையைப் பல மடங்கு உயர்த்தினார்கள். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையை உருவாக்கியது. உலகம் அதை ‘நல்கொண்டா முறை’ என்றே அழைக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவரை அது போயிருக்கிறது. கிருஷ்ணா நீர் அக்கம்பல்லி அணையிலிருந்தும் கோதண்டபூர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் ராட்சதக் குழாய்களில் இந்த மாவட்டத்தின் ஊடாகத்தான் ஹைதராபாத்துக்குப் போனது. வழியில் இருந்த ஊர்களுக்கு மிஷன் பகீரதா திட்டத்தில்தான் குழாய்த் தண்ணீர் பரவலாக வந்து சேர்ந்தது. அத்தை வீட்டு முற்றத்தில் இப்போது குழாய் இருக்கிறது. பேரப் பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. அவருடைய முதுகுக்கு அது காலம் கடந்து வந்தது.

தேவரகொண்டாவை நண்பர் சொந்த வீட்டைக் காட்டுவதுபோல் காட்டினார். ஊர் அடிவாரத்திலேயே இருப்பதால் ஏறுவது எளிது. அதனாலேயே குப்பையும் அதிகம். ஏழு மலைகளைச் சேர்த்து வளைக்கும் மதில், ஒரு முகட்டில் ஏறி மறு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகிறது. ராச்சகொண்டாவின் முரட்டுத்தனம் இங்கே இல்லை. கற்கள் இன்னும் ஒழுங்கு, வாசல்களில் வேலைப்பாடு. உள்ளே படியிறங்கும் குளங்கள், கிணறுகள். ஒரு குளத்தின் படியில் உட்கார்ந்து நண்பர் சொன்னார்: “சின்ன வயசுல இங்கதான் நீச்சல் கத்துக்கிட்டேன். அப்ப அடி தெரியும்ணா.” இப்போது தெரியவில்லை. தண்ணீர்ப் புட்டிகளும் சிப்ஸ் பொட்டலங்களும் பூஜைப் பொருள் கட்டிய பிளாஸ்டிக் பைகளும் மிதந்தன. இருவரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, கைக்கு எட்டிய மட்டும் அள்ளினோம். பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பையன்கள் சிலர் கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஓரம் சுத்தமாயிற்று.

செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அங்கேயும் மூன்று மலைகளைக் கட்டிய மதில், அங்கேயும் சுனைகள், அங்கேயும் இதே போன்ற உருண்டைப் பாறைகள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவத் தலங்களின் வரிசையில் செஞ்சிக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2021இல் ராமப்பா கோயிலுக்குக் கிடைத்தது. ராச்சகொண்டா அந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ள இடம் என்றே நான் நினைக்கிறேன். சாந்தில்லாத மதில், ஒற்றைக்கல் வாசல்கள், இன்னும் வேலை செய்யும் நீர்த் தடங்கள், ஒரு நாடக இலக்கண நூல் பிறந்த அவை, எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில். பட்டம் அப்புறம் வரட்டும். முதலில் மலைகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். ஒவ்வொரு வாசலையும் சுனையையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு வேண்டிய செயற்கைக்கோள் கண் பாலாநகரிலேயே இருக்கிறது. தாண்டாக்களில் இருக்கும் இளைஞர்களுக்கே காவல் வேலையும் வழிகாட்டி வேலையும் கொடுக்க வேண்டும். அவர்களைவிட அந்தப் பாதைகளை அறிந்தவர் இல்லை.

கோட்டைகளைக் காப்பது பழம்பெருமைக்காக மட்டும் இல்லை. பாலாநகர், ஜீடிமெட்லா பட்டறைகளின் கழிவைச் சுமந்துகொண்டு கூகட்பல்லி நாலா ஓடி உசேன் சாகரில் விழுகிறது. 16ஆம் நூற்றாண்டில் குடிக்கவும் பாய்ச்சவும் வெட்டிய ஏரி அது. இன்று யாரும் அதில் கைவைப்பதில்லை. விழுகிற மழையைச் சாக்கடையில் விட்டுவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து ஆற்றை இழுத்துவரும் நகரத்துக்கு, ஒரு விரற்கடை வாய்க்காலில் மண்ணை வடிகட்டித் தண்ணீரைச் சேர்த்த மலை கற்றுக்கொடுக்க நிறைய வைத்திருக்கிறது. நண்பர் ஊரிலிருந்து திரும்பியதும் பட்டறையின் தகரக் கூரைக்கு ஒரு வடிகுழாயும் வடிகட்டும் தொட்டியும் வைத்துவிட்டார். ராச்சகொண்டாவில் பார்த்த அதே அமைப்பு: முதலில் ஒரு சிறு பள்ளம், பிறகு பெரிய தொட்டி.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மார்ச் பிறந்தால் பாறை காலைச் சுடும். போங்கீரைக் குழந்தைகளோடு பார்க்கலாம். ராச்சகொண்டாவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்து, அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் சுமந்துபோங்கள், காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சுனையில் குளிக்காதீர்கள், சோப்புப் போடாதீர்கள். ஆடும் பறவையும் கோடை முழுவதும் அதைக் குடிக்கும். புதிதாகத் தோண்டிய குழி கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். நாங்கள் எழுதியிருக்கிறோம். உங்கள் கடிதமும் சேர்ந்தால் ஒரு காவலாளியாவது வருவார்.